சைக்கிளுக்கும் பேருந்துக்கும் சாலையில் உரிய இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

போக்குவரத்து நெரிசலும் காற்று மாசும் பேசப்படும் இடங்களிலெல்லாம், காரை வீட்டில் விட்டுவிட்டுச் சைக்கிளில் செல்லுங்கள், பேருந்தில் ஏறுங்கள், கொஞ்சம் நடந்து பழகுங்கள் என்ற அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது. ஜூன் 3ஆம் நாளை உலக சைக்கிள் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2018இல் அறிவித்த பிறகு, ஆண்டுதோறும் அன்று காலை ஊர்வலங்கள் நடக்கின்றன; பதவியில் இருப்பவர்கள் தலைக்கவசம் அணிந்து சற்றுத் தூரம் ஓட்டுகிறார்கள்; மறுநாள் நாளிதழ்களில் படம் வருகிறது. அந்த ஆர்வத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருபவன் என்ற முறையில், இந்த அறிவுரை போய்ச்சேர வேண்டியவர்களிடம் போய்ச்சேரவில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன். எதில் பயணம் செய்வது என்பதைப் பெரும்பாலான மக்கள் மன உறுதியைக் கொண்டு முடிவு செய்வதில்லை. வாசலைத் தாண்டியதும் எதிர்ப்படும் சாலை எதை எளிதாக்குகிறதோ, எதைப் பயமின்றிச் செய்ய விடுகிறதோ, அதையே அவர்கள் செய்கிறார்கள். ஆகவே நாம் பேச வேண்டியது சாலையை வடிவமைப்பவர்களிடமும், அதற்குப் பணம் ஒதுக்குபவர்களிடமும்தான்.

கார் இல்லாமல் முடியாது என்று நாம் நினைக்கும் பயணங்களில் பல மிகக் குறுகியவை. காரை நம்பியே வாழப் பழகிவிட்ட அமெரிக்காவில்கூட, 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி எல்லா வகைப் பயணங்களிலும் பாதிக்கு மேற்பட்டவை மூன்று மைலுக்கு, அதாவது ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவானவை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தாலே அந்தத் தூரத்தை இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம். போய்ச் சேர்ந்த பிறகு வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதும் இல்லை. இருந்தும் ஏன் கார் என்று கேட்டால், மக்களின் சோம்பல் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். சற்றுப் பொறுமையாக விசாரித்தால் கிடைக்கும் பதில் வேறு. ஓட்டத் தெரியும், ஓட்ட ஆசையும் உண்டு, ஆனால் அந்தச் சாலையில் இறங்கப் பயமாக இருக்கிறது என்பதே அந்தப் பதில்.

அந்தப் பயத்தை வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி சாலை விபத்துகளில் ஆண்டுக்குச் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து செல்பவர்கள், சைக்கிளில் செல்பவர்கள், இருசக்கர மோட்டார் வாகனங்களில் செல்பவர்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதன்மைக் காரணமே சாலை விபத்துதான். ஒரு தாய் தன் பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்ப மறுத்தால், அவர் நிலைமையைச் சரியாகவே கணித்திருக்கிறார் என்று பொருள். அவர் மனம் மாற வேண்டுமானால் முதலில் அந்தச் சாலை மாற வேண்டும்.

சைக்கிள் என்றதும் நெதர்லாந்தைச் சுட்டுவதும், அது அவர்கள் பண்பாடு, நமக்கு ஒத்துவராது என்று மறுப்பதும் வழக்கமாகிவிட்டது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நெதர்லாந்தும் மற்ற நாடுகளைப் போலவே காருக்காகத் தெருக்களை அகலப்படுத்தியது, சதுக்கங்களை வாகன நிறுத்தங்களாக்கியது, சைக்கிள் ஓட்டுபவர்களை ஓரங்கட்டியது. 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், குழந்தைகள் கொல்லப்படுவதை நிறுத்துங்கள் என்ற தலைப்பில் 1972இல் ஒரு நாளிதழில் எழுதிய கட்டுரை பெற்றோர்களின் இயக்கமாக வளர்ந்தது. அவர்கள் தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளோடு நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதிக்கப்பட்டபோது, வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளிலும் நடந்தும் உலாவினார்கள். அதன் பிறகுதான் தனிப் பாதைகள் ஊர் ஊராக, ஆண்டுக்குக் கொஞ்சமாகப் போடப்பட்டன. இன்று அங்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பயணங்கள் சைக்கிளில் நடக்கின்றன. சாலை மரணங்களோ 1971இல் இருந்ததில் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டன. அவர்கள் பண்பாடு என்று நாம் சொல்வது, ஐம்பது ஆண்டுகளாகச் சாலை போட்டதன் விளைவு.

ஐம்பது ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டியதில்லை என்பதற்கு ஸ்பெயினின் செவில் நகரம் சான்று. சைக்கிள் ஓட்டும் வழக்கமே அற்றுப்போயிருந்த, கோடையில் வெயில் கொளுத்தும் அந்த ஊரில், 2006க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகளுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரிக்கப்பட்ட பாதைகள் போடப்பட்டன. சைக்கிள் பயணங்கள் பத்து மடங்கு அளவுக்குப் பெருகின. அங்கே வென்றது அவர்கள் கையாண்ட முறை என்று நான் கருதுகிறேன். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு என்று ஆண்டுக்கணக்கில் போடாமல், ஒன்றோடொன்று இணைந்த வலைப்பின்னலாக ஒரே மூச்சில் போட்டார்கள். பாதி வழியில் முடிந்துபோகும் சைக்கிள் பாதை, ஆற்றின் நடுவில் நின்றுவிட்ட பாலத்துக்குச் சமம். அதில் யாரும் போகவில்லை என்று கணக்குக் காட்டி, பார்த்தீர்களா, தேவையே இல்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது.

பாதை என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பல ஊர்களில் சாலையோரம் ஒரு வெள்ளைக் கோடு இழுத்து, அதற்குள் சைக்கிள் படம் ஒன்றை வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பவருக்கு நிலைமை விளங்கும். முதல் நூறு மீட்டரிலேயே ஒரு கார் கோட்டை மிதித்து நிற்கும். அதைச் சுற்றிப் போக, பின்னால் வரும் வாகனங்களைத் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டு நடுச்சாலைக்கு வர வேண்டும். அப்படி வரும் கணத்தில் நிற்கும் காரின் கதவு திடீரென்று திறக்கக்கூடும்; கதவில் மோதுவதைவிட, அதைத் தவிர்க்க ஒதுங்கிப் பின்னால் வரும் வண்டியின் முன் விழுவதுதான் பெரிய ஆபத்து. சற்றுத் தள்ளிப் பேருந்து நிறுத்தம் வரும். அங்கே பேருந்தும் சைக்கிளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் இருந்தால், மெல்லிய சக்கரம் இடுக்கில் சிக்கி ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அதே மூடியைக் குறுக்குவாட்டில் பொருத்தினால் அந்த ஆபத்தே இல்லை, செலவும் கூடுவதில்லை. பொருத்துபவருக்கோ மேற்பார்வை பார்ப்பவருக்கோ சைக்கிள் ஓட்டிய அனுபவம் இருந்தால் இது சொல்லாமலே விளங்கும்.

கடைசியாகச் சந்திப்பு வரும். வண்டிகள் திரும்பும் இடம், மோதல்கள் மிகுதியாக நடக்கும் இடம் அதுதான். ஆனால் பெரும்பாலான சைக்கிள் பாதைகள் சரியாக அந்த இடத்துக்கு முன்னால்தான் மறைந்துபோகின்றன. நெதர்லாந்தில் பல சந்திப்புகளில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாட்டைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் சிறிய திட்டு ஒன்று கட்டப்படுகிறது. அந்தத் திட்டு இருப்பதால் திரும்பும் கார் அகல வளைவில் வேகமாகச் சுற்றிப் போக முடியாது. வேகத்தைக் குறைத்து இறுக்கமாகத் திரும்பியாக வேண்டும். சைக்கிள் பாதை அந்தத் திட்டுக்கு உட்புறமாக வளைந்து, சாலையிலிருந்து ஏறத்தாழ ஒரு கார் நீளம் தள்ளிக் குறுக்கே கடக்கிறது. ஆகவே கார் திரும்பி முடித்து நேராக நிற்கும் நிலையில்தான் சைக்கிளைச் சந்திக்கிறது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தேட வேண்டியதில்லை. சைக்கிளில் வருபவர் கண்ணுக்கு நேரே தெரிகிறார். அந்த ஒரு கார் நீள இடத்தில் நின்று வழிவிடும்போது பின்னால் வரும் வாகனங்களும் மறிபடுவதில்லை. சிக்னலில் காத்திருக்கும் சைக்கிள்காரர் திட்டின் மறைவில், கார்களுக்குச் சற்று முன்னால், எல்லோர் பார்வையிலும் படும்படி நிற்கிறார். யாரும் கூடுதல் ஒழுக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டிய அவசியமின்றி, கல்லும் சிமென்ட்டுமே ஒழுங்கைக் காக்கின்றன.

தனிப் பாதை எல்லாத் தெருவிலும் போட முடியாது, போடவும் தேவையில்லை. குடியிருப்புத் தெருக்களுக்கு வேகக் கட்டுப்பாடே போதும். ஒரு குழந்தை திடீரென்று குறுக்கே ஓடிவருவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார் முழுமையாக நின்றுவிடும் அதே இடத்தில், 50 கிலோமீட்டரில் வரும் காரின் ஓட்டுநர் அப்போதுதான் பிரேக்கில் கால் வைக்கிறார். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், 50இல் மோதும் கார் 30இல் மோதுவதைப் போல 2.8 மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. ஸ்பெயின் நாடு 2021 முதல், திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள நகரத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டரையே உச்ச வேகமாக்கியது. பாரிஸ் அதே ஆண்டு பெரும்பாலான தெருக்களுக்கு அதைக் கொண்டுவந்தது. அறிவிப்புப் பலகை மட்டும் வேகத்தைக் குறைத்துவிடாது என்பது உண்மைதான். தெருவைக் குறுக்குவதும், வேகத்தடை அமைப்பதும், நடப்பவர் கடக்கும் இடத்தை மேடாக உயர்த்துவதும் உடன் வர வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977இல் செய்தது இன்னும் எளிது: நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் கார் நேராகப் போக முடியாமல் தடுத்தார்கள், சைக்கிளும் நடப்பவரும் போகலாம், கார் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் நகரம் 2017இல் அதே வழியைப் பின்பற்றியது. காரைத் தடை செய்யாமலே, அருகில் இருக்கும் இடத்துக்குக் காரில் போவதன் வசதியைக் குறைத்துவிட்டார்கள்.

இவ்வளவுக்கும் இடம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி உடனே எழும். சாலை குறுகியது, வாகனங்களுக்கே போதவில்லை, இதில் சைக்கிளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பார்கள். இடம் இருக்கிறது, அதை யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், கலந்த போக்குவரத்தில் கார்கள் மூலம் மணிக்கு 600 முதல் 1,600 பேர் வரை கடக்க முடியும் என்று அமெரிக்க நகரப் போக்குவரத்து அலுவலர்கள் கூட்டமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அதே அகலத்தைப் பாதுகாக்கப்பட்ட இருவழி சைக்கிள் பாதையாக்கினால் 7,500 பேர் வரை கடக்கலாம். பேருந்துக்கான தனித்தடமாக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம். நடைபாதையாக்கினால் 9,000 பேர் வரை. சாலை குறுகியது என்பதே காருக்கு எதிரான வாதம் என்று இந்த எண்களைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும். எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதரைக் கொண்டுபோக ஒன்றரை டன் இரும்பு, அதற்கு வேண்டிய இடம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி என்று சேர்த்தால், குறுகிய தெரு அதை எப்படித் தாங்கும்?

ஓடும் காரைவிட நிற்கும் கார் எடுத்துக்கொள்ளும் இடம் இன்னும் கவனத்துக்குரியது. தனியார் கார் ஒன்று தன் வாழ்நாளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டு நேரம் சும்மா நிற்கிறது. அது வீட்டு வாசலில் நிற்க ஓர் இடம், அலுவலகத்தில் ஓர் இடம், கடைவீதியில் ஓர் இடம் என்று, ஒரே காருக்காகப் பல இடங்களை நகரம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள்களைத் தாராளமாக நிறுத்தலாம். பொதுச் சாலையில் ஒருவர் தன் மேசை நாற்காலியைக் கொண்டுவந்து இரவு முழுவதும் போட்டு வைத்தால் அதை ஆக்கிரமிப்பு என்போம். காரைப் போட்டு வைத்தால் உரிமை என்று ஏற்றுக்கொள்கிறோம். புதிய கட்டடங்களுக்கு இத்தனை கார் நிறுத்தங்கள் கட்டாயம் வேண்டும் என்ற விதியை 2017இல் மெக்சிகோ சிட்டி மாற்றி, இத்தனைக்கு மேல் கூடாது என்று உச்ச வரம்பு விதித்தது. கார் வைத்திருக்காதவரும் கார் நிறுத்தத்துக்கான கட்டுமானச் செலவைத் தன் வாடகையில் சுமக்கும் நிலையை மாற்ற இது நல்ல வழி என்று நினைக்கிறேன்.

சாலையை அகலப்படுத்தினால், மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கை எவ்வளவு முறை பொய்த்தும் உயிரோடு இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையை அணுகுசாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை அகலப்படுத்தி 2008இல் பணியை முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் நெரிசல் நேரப் பயணம் மீண்டும் நீண்டுவிட்டது. காரணம் எளிமையானது. சாலை விரிந்ததும், இதுவரை வேறு நேரத்தில், வேறு வழியில், வேறு வாகனத்தில் போனவர்களும் காரை எடுத்துக்கொண்டு அதே சாலைக்கு வந்துவிடுகிறார்கள். தொலைவில் வீடு கட்டுவதும் கூடிவிடுகிறது. இதற்கு எதிர்மாறானதும் உண்மை. சியோல் நகரின் நடுவே ஓடைக்கு மேல் கட்டப்பட்டிருந்த உயர்சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கியபோது நகரமே ஸ்தம்பித்துவிடும் என்று அஞ்சினார்கள். 2005இல் அந்த ஓடை மீட்கப்பட்டு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இடையில், 2004இல், பேருந்து வழித்தடங்களை அடியோடு சீரமைத்துச் சாலை நடுவே பேருந்துகளுக்குத் தனித்தடம் கொடுத்திருந்தார்கள். அஞ்சியபடி எதுவும் நடக்கவில்லை.

பேருந்தைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் எல்லாப் பயணமும் சைக்கிளில் முடியக்கூடியதல்ல. பேருந்தை மக்கள் விட்டு விலகுவதற்குப் பெரிய காரணம், அது எப்போது வரும் என்று தெரியாததும், வந்த பிறகு கார்களுக்கிடையே சிக்கிக்கொள்வதுமே. பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து உறுதியாக வருமானால் யாரும் கால அட்டவணையைப் பார்க்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒன்று என்றால், முடிந்தவர்கள் எல்லோரும் வண்டி வாங்கிவிடுவார்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இலேயே பேருந்துக்குத் தனித்தடம் அமைத்துக் காட்டியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000ஆம் ஆண்டில் தன் டிரான்ஸ்மிலெனியோ பேருந்துகளை அவ்வாறே ஓடவிட்டது. அதே பொகோட்டாவில் 1974இல் தொடங்கிய வழக்கம் ஒன்று இன்றும் தொடர்கிறது: ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பிற்பகல் வரை நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட முக்கியச் சாலைகள் கார்களுக்கு மூடப்பட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் விடப்படுகின்றன. தொலைதூரப் பயணத்துக்கு ரயிலும் சைக்கிளும் கைகோக்க வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் மூன்றடுக்கு நிறுத்தம் 2019இல் முழுமையாகத் திறக்கப்பட்டது; சைக்கிளிலேயே உள்ளே இறங்கி, நிறுத்திவிட்டு, படியேறினால் நடைமேடை. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், கூரையும் வெளிச்சமும் காவலும் உள்ள ஒரு நிறுத்தத்தை எந்த நிலையமும் அமைக்கலாம். காலையில் பூட்டி வைத்த சைக்கிள் மாலையில் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவரை யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

மின்சாரக் கார் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். புகைக்குழாய் மறையும், அது நல்லதே. ஆனால் அது அடைத்துக்கொள்ளும் இடமும், மோதினால் விளையும் சேதமும், டயர் தேய்மானத்தில் பறக்கும் துகளும் மறையப்போவதில்லை.

முதியவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நேர்மையானது. அவர்களில் பலருக்குக் கார் ஓட்ட முடியாது, அல்லது வாங்க முடியாது. இன்றைய ஏற்பாட்டில் மிகவும் வீட்டோடு அடைபட்டிருப்பவர்கள் அவர்கள்தான். சமதளமான, இடையூறில்லாத பாதையில் மூன்று சக்கர சைக்கிளும், கையால் இயக்கும் வண்டியும், மின்சார சக்கர நாற்காலியும் தாராளமாகப் போகும். மிதிக்கும்போது மட்டும் மோட்டார் உதவும் மின்சைக்கிள் வந்த பிறகு, மேடும் எதிர்க்காற்றும் வயதும் முன்போல் தடையாக இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 250 வாட் ஆற்றலையும் 25 கிலோமீட்டர் வேகத்தையும் வரம்பாக வைத்து, உரிமம் இல்லாமல் ஓட்ட வழிவிட்டிருக்கிறது. உண்மையிலேயே கார் இன்றியமையாதவருக்கு, மற்றவர்கள் விலகிக்கொண்டால் சாலையும் காலியாகக் கிடைக்கும். தட்பவெப்பம் ஒத்துவராது என்பவர்களுக்கு, பனி மூடிய பின்லாந்தின் ஊலு நகரில் குளிர்காலம் முழுவதும் மக்கள் சைக்கிளில் செல்வதைச் சுட்டலாம். பாதைகளிலிருந்து பனியை அகற்றும் வேலையை அந்த நகரம் ஒழுங்காகச் செய்கிறது. வெயில் மிகுந்த ஊர்களில் பாதையைக் காக்கும் வேலையை மரங்களின் நிழல் செய்ய வேண்டும். கார் வர வழியில்லாவிட்டால் வியாபாரம் குறைந்துவிடும் என்ற கடைக்காரர்களின் அச்சத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் தங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு, பிறகு வாடிக்கையாளர்களிடமே கேட்டுச் சரிபார்த்த பல நகரங்களில், கடைக்காரர்களின் மதிப்பீடு உண்மையைவிட மிகக் கூடுதலாக இருந்தது தெரியவந்திருக்கிறது.

பெண்களின் பயணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க முடியாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கி, வேலைக்குப் போய், திரும்பும்போது பெரியவரை மருத்துவரிடம் காட்டிவரும் பயணம் பெரும்பாலும் பெண்களுடையதாகவே இருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு கார் இருந்தால் அது பெரும்பாலும் ஆணிடம் இருக்கிறது. காரை மையமாக வைத்துக் கட்டப்பட்ட ஊர், காலை மாலை வேலைக்கு நேராகச் சென்று வருபவரை மனத்தில் கொண்டு கட்டப்பட்டது. சைக்கிள் பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட அதிகம் செய்திருக்கிறது என்று அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி சூசன் பி. ஆன்டனி 1896இல் கூறினார். அதை நம் மொழி பேசும் மண்ணிலேயே மெய்ப்பித்தவர்கள் புதுக்கோட்டைப் பெண்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்குவிக்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பேருந்துக்காகவும், அழைத்துச் செல்ல ஓர் ஆணுக்காகவும் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு மாறியது. அத்தகைய துணிவுக்குத் தகுந்த பாதையைக் கொடுப்பது ஆட்சியாளர்களின் கடமை.

உடல்நலத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு மட்டும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்கு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதை எட்டுவதில்லை. போக 15 நிமிடம், வர 15 நிமிடம் என்று வாரத்தில் ஐந்து நாள் சைக்கிளில் வேலைக்குச் சென்றால் அந்த 150 நிமிடம் நிறைந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக நேரமும் பணமும் ஒதுக்க வேண்டியதில்லை.

மாற்று வழிகள் வந்த பிறகு காருக்கு அதன் உண்மையான விலையைக் கேட்பதில் தவறில்லை. சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியது. லண்டன் 2003இல் தொடங்கி, அந்த வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டத்தால் கட்டிப்போட்டது. ஸ்டாக்ஹோம் செய்தது எனக்கு மிகவும் பிடித்த வழி. கட்டணம் வருவதற்கு முன்னால் அங்கே பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். 2006இல் ஏழு மாதம் மட்டும் சோதனையாக நடத்தி, கூடவே பேருந்துகளையும் கூட்டினார்கள். கட்டண எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. சோதனை முடிந்த பின் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்கள் அதைத் தொடர வாக்களித்தார்கள். வெறுஞ்சொல்லால் மாறாத கருத்து, காலியான தெருவைக் கண்ணால் பார்த்ததும் மாறியது. ஆகவே எதிர்ப்பு இருக்கிறது என்று எந்தத் திட்டத்தையும் கைவிடாமல், சில மாதங்களுக்கு மாற்றக்கூடிய தடுப்புகளை வைத்துச் செய்து பார்க்குமாறு நகர நிர்வாகங்களை வேண்டுகிறேன். கோன்களும் பெரிய பூந்தொட்டிகளும் போதும். தவறென்றால் ஒரே இரவில் எடுத்துவிடலாம்.

அலுவலகங்களும் தங்கள் பங்குக்குச் செய்யக்கூடியவை உண்டு. ஊழியருக்கு இலவசமாகக் கார் நிறுத்தும் இடம் கொடுக்கும் நிறுவனம், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 1992இல் சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தில் சைக்கிளில் வேலைக்கு வருபவருக்குக் கிலோமீட்டர் கணக்கில் படி வழங்கும் வழக்கம் இருக்கிறது. இவை இல்லாவிட்டாலும், கூரையுள்ள ஒரு ஸ்டாண்டும், முகம் கழுவி உடை மாற்ற ஓர் அறையும், காற்றடிக்கும் பம்ப் ஒன்றும் வைப்பது எந்த நிறுவனத்துக்கும் பாரமாகாது.

இறுதியாகத் தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். புதிய சாலைத் திட்டமோ மேம்பாலமோ அறிவிக்கப்படும்போது, அதில் மணிக்கு எத்தனை வாகனங்கள் போகும் என்ற எண்ணையே செய்தியில் காண்கிறோம். எத்தனை மனிதர்கள் போவார்கள், நடைபாதையின் அகலம் எவ்வளவு, பேருந்துக்குத் தனித்தடம் உண்டா, சைக்கிள் பாதை எந்த இடத்தில் தொடங்கி எந்தச் சந்திப்பில் அறுபடுகிறது என்ற கேள்விகளையும் தங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்டு, கிடைத்த பதிலையும் கிடைக்காத பதிலையும் அச்சிட வேண்டும். தேர்தல் நேரத்தில் வேட்பாளர்களிடம் இதே கேள்விகளை எழுத்தில் கொடுத்துப் பதில் வாங்கி வெளியிட்டால், வாக்களிக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க எங்களுக்கு ஓர் ஆவணம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்